கொண்டைக்கடலை அளவு

தை மாதக் கடைசியில் அத்தை போன் செய்தபோது அவர்கள் தோட்டத்தில் மஞ்சள் வெந்துகொண்டிருந்தது. கோபிக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர். மஞ்சளை வெட்டி, வேகவைத்து, காயவைத்து, ஈரோட்டு மண்டிக்கு ஏற்றி அனுப்புகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அத்தை நாக்கைப் பற்றிப் பேச்செடுத்ததும் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன்.

"அம்மிணி, நாக்குல என்னமோ கெட்டியா ஒண்ணு இருக்குது. வலியெல்லாம் ஒண்ணுமில்ல. கொள்ளு ரசம் குடிச்சா மட்டும் அந்த எடம் சுருக்குங்குது. நீ அந்த மாதிரி எடத்துல தான இருக்கற, என்னன்னு கேட்டுச் சொல்லு."

"எப்பத்திலிருந்துங்க அத்தை?"

"பொரட்டாசில பாத்தது."

புரட்டாசியிலிருந்து தை. இடையில் இரண்டு மாதம் மருந்துக் கடையில் வாங்கிய பீ-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். மார்கழியில் பல் டாக்டரிடம் போனார். அவர் கூராக இருந்த கடைவாய்ப் பல்லைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வாருங்கள், அப்போதும் கட்டி இருந்தால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மிகச் சரியான யோசனை. வாயில் எதுவானாலும், உரசுகிற காரணத்தை நீக்கிவிட்டு இரண்டு வாரம் பார்க்கலாம். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டாவது வாரத்தில்தான் மஞ்சள் வெட்டு தொடங்கியது. அத்தை போகவில்லை.

நான் கோவையில் ஒரு பாத்தாலஜி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பதினான்கு வருடம் ஆகிறது. உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைத் துண்டுகள், அவற்றைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் எங்களிடம் வரும். அவற்றைக் கேசட் என்கிற சின்னப் பிளாஸ்டிக் கூட்டில் போட்டு, ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, சைலீனில் தெளியவைத்து, உருகிய மெழுகில் ஊறவைத்து, பிளாக்காக வார்த்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரை 250 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் 4 மைக்ரான். சீவியது ரிப்பன் மாதிரி வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றினால் ஸ்லைடு தயார். என்ன நோய் என்று சொல்வது பாத்தாலஜி டாக்டர். ஆனால் நான் வெட்டிக் கொடுத்ததைத்தான் அவர் பார்க்க முடியும். சர்ஜன் எடுத்து அனுப்பியதைத்தான் நான் வெட்ட முடியும். நாக்குக் கட்டி விஷயத்தில் இந்தச் சங்கிலிதான் எல்லாமே. சதையை எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு எடுத்தார்கள், மெழுகில் அதை எப்படி வைத்தார்கள் என்பதிலேயே பாதி விடை முடிவாகிவிடுகிறது. அதை என் அத்தையின் கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் புரியும் என்று எழுதுகிறேன்.

போனிலேயே அடம்பிடித்து மறுநாளே டாக்டரிடம் போகச் சொன்னேன். போனார்கள். எந்த இடம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்கே கட்டியின் மேலிருந்து சின்னதாக ஒரு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது. மாமா போனில் எழுத்துக்கூட்டிப் படித்தார். செதில் செல் புற்றுநோய், அதாவது மேல்தோல் செல்லில் தொடங்கும் புற்று, நன்கு வேறுபட்ட வகை. நாக்கில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், கழுத்தில் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லியிருந்தார்கள்.

மாமா அன்று சாயங்காலம் பாரியூர் கோயிலுக்குப் போய்விட்டு, மறுபடியும் எனக்குப் போன் செய்தார். "கத்தி வெச்சதுனால பரவிருமாங்கண்ணு? அன்னைக்கே வேண்டாம்னு எங்கக்கா சொல்லுச்சு." இந்தப் பயத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். கத்தி பட்டதால் வாய்ப் புற்று பரவுவதில்லை, மாமா, நாள் கடத்தினால்தான் வளரும் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்குச் சரியாக வரவில்லை.

மறுநாள் காலை இருவரும் கோபியிலிருந்து காந்திபுரம் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். என் அறையில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, "சித்தே நாக்கை நீட்டுங்க அத்தை" என்றேன். நாக்கின் மேல்புறம், வலது ஓரத்தை ஒட்டி, கொண்டைக்கடலை அளவு. மேலே இரண்டு தையல் போட்ட தழும்பு. அதைச் சுற்றித் தோல் வழவழப்பாக இருந்தது, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளுப்பு. புண் கிடையாது. கையுறை போட்டு இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தேன். கெட்டி. ஆனால் கட்டியைத் தாண்டி அக்கம்பக்கத்துச் சதை மெத்தென்றுதான் இருந்தது.

நான் டாக்டர் இல்லை. நாக்கின் மேல்புறத்தில் புற்று வராது என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் என் மேசைக்கு வந்த நாக்குப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை பக்கவாட்டு ஓரத்திலிருந்தும் அடிப்பக்கத்திலிருந்தும் வந்தவை. புண்ணாக, வெடித்து, ஓரம் தடித்து, கல் மாதிரி இறுகியிருக்கும். இது அப்படி இல்லை. இன்னொரு பக்கம், அத்தை ஒரு நாளைக்கு மூன்று தரம் வெற்றிலை போடுகிறவர். புகையிலை சேர்ப்பதில்லை, அதனால் பயமில்லை என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமேகூட, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அந்த ரிப்போர்ட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எனக்குத் தைரியமில்லை.

"பிளாக்கும் ஸ்லைடும் வேணும்னு எழுதிக் குடுத்து வாங்கிட்டு வாங்க மாமா" என்றேன்.

"அப்பிடியெல்லாம் குடுப்பாங்களா?"

கேட்டால் கொடுப்பார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. பயாப்சி என்றால் கையில் கிடைக்கும் அந்த ஒற்றைத் தாள்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் மெழுகுக் கட்டி ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் சதை இருக்கிறது. அறை வெப்பத்திலேயே வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதை மறுபடி சீவலாம், வேறு சாயம் போடலாம், வேறு டாக்டர் பார்க்கலாம். ஒரு பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னால் இப்படி இன்னொருவரைப் பார்க்கச் சொல்வதில் முதலில் பார்த்தவருக்கு எந்த அவமரியாதையும் இல்லை. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் வெளியிலிருந்து வரும் நோயாளிகளின் ஸ்லைடுகளை மறுபடி பார்த்த பிறகே கத்தியைத் தொடுகின்றன.

பிளாக் வந்தது. எங்கள் பாத்தாலஜி மேடம் அந்த ஒரு ஸ்லைடைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்தார். கடுகளவு சதைக்குப் பத்து நிமிடம் நிறைய நேரம். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"துண்டு ரெண்டு மில்லிமீட்டர்தாங்க இருக்குது. அதுவும் படுத்துக் கிடக்குது. நீங்களே பாருங்க."

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நாக்கின் மேல்தோல் தட்டையான பாய் கிடையாது. கீழே உள்ள சதைக்குள் அங்கங்கே முளை மாதிரி இறங்கியிருக்கும். ஆலமரத்து விழுது கீழே தொங்குகிறதே, அப்படி. மரத்துக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒவ்வொரு விழுதும் மேலே கிளையோடு சேர்ந்திருப்பது தெரியும். அதையே தரைக்கு ஓரடி மேலே, படுக்கைவாட்டில் அறுத்து மேலிருந்து பார்த்தால்? விழுதுகள் தனித்தனி வட்டங்களாக, எதோடும் ஒட்டாமல் நிற்கும். பயாப்சித் துண்டை மெழுகில் வைக்கும்போது மேல்தோல் பக்கவாட்டில் தெரியும்படி நிறுத்தி வைக்க வேண்டும். படுத்துவிட்டால், மேல்தோலின் முளைகள் சதைக்குள் தனித் தீவுகளாகத் தெரியும். இந்த வகைப் புற்று என்றால் என்ன? மேல்தோல் செல்கள் தங்கள் எல்லையை விட்டு உள்ளே தீவு தீவாக இறங்கிப்போவதுதான். சின்னத் துண்டு, படுத்த துண்டு, நடுவில் அங்கங்கே கெரட்டின் முத்து, அதாவது தோலின் கெட்டிப் புரதம் உருண்டையாகத் திரண்டது. ஒரு நாளைக்கு நூறு ஸ்லைடு பார்க்கிற ஒருவர் இதைப் புற்று என்று எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தத் துண்டை மெழுகில் வைத்த கை என்னைப் போன்ற ஒரு டெக்னீஷியனின் கை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"மூலையில பாருங்க" என்றார் மேடம்.

ஸ்லைடின் அடி ஓரத்தில், துண்டு முடிகிற இடத்தில், பத்துப் பதினைந்து பெரிய செல்கள். உடல் முழுக்க இளஞ்சிவப்புப் பொடி தூவியது போல. உட்கரு சின்னதாக, அமைதியாக நடுவில்.

அந்த மாதிரிச் செல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1926-ல் ரஷ்யப் பாத்தாலஜி மருத்துவர் அப்ரிகோசோவ் இந்தக் கட்டியைத் தனி வகையாக விவரித்தார். 1924-ல் லெனினின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தவரும் அவர்தான். நாக்கு முழுக்கத் தசை என்பதால், இது தசைச் செல்லிலிருந்து வந்ததாக அவர் எண்ணினார். அதனால் மயோபிளாஸ்டோமா என்ற பெயர் நிலைத்தது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பும் புரதச் சாயங்களும் வந்த பிறகுதான் இது நரம்புக்கு உறை போடுகிற ஷ்வான் செல்லின் வழியில் வந்தது என்று தெரிந்தது. உள்ளே இருக்கிற பொடி, செல்லின் குப்பைக்கூடையான லைசோசோம்கள். இப்போது இதன் பெயர் கிரானுலார் செல் டியூமர். உடம்பில் எங்கே வேண்டுமானாலும் வரலாம், ஆனால் அதற்கு மிகவும் பிடித்த இடம் நாக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நடுத்தர வயதில் வலியில்லாமல், மெதுவாக வளரும். பெரும்பாலும் 2 சென்டிமீட்டரைத் தாண்டாது. கெட்டதாக மாறுவது நூற்றில் ஒன்றோ இரண்டோ.

இதன் விசித்திரம் ஒன்றே ஒன்று. இந்தக் கட்டி அடியில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு மேலே இருக்கிற தோலைத் தூண்டிவிடும். பல நேரங்களில் அந்தத் தோல் தடித்து, விழுதுகளை ஆழமாக இறக்கி, அச்சு அசலாகப் புற்று போலவே வளரும். அதற்குப் பொய்ப்புற்றுத் தோற்றம் என்று சொல்லலாம். மேல்தோலை மட்டும் கிள்ளி எடுத்தால் கிடைப்பது அந்தப் பொய் மட்டும்தான். உண்மையான கட்டி அதற்குக் கீழே இருக்கும். இந்த ஏமாற்றத்தால் தேவையில்லாமல் நாக்கின் பாதியையும் கழுத்தின் நெறிக்கட்டிகளையும் இழந்தவர்கள் உலக மருத்துவ இலக்கியத்தில் உண்டு. அத்தை அந்த வரிசைக்கு எவ்வளவு பக்கத்தில் போய் நின்றார் என்பதை நினைத்தால் இப்போதும் கை சில்லிட்டுப்போகிறது.

ஆனால் மேடம் அன்று எந்தப் பெயரும் எழுதவில்லை. "இந்தப் பத்துச் செல்லை வெச்சுக்கிட்டு நான் எதுவும் சொல்ல மாட்டேன். கிரானுலார் செல்லா இருக்கலாம். அதுக்குப் பக்கத்துலயே நெஜமான புற்றும் இருந்துட்டா? ஆழமா ஒரு துண்டு வேணும்" என்றார். அவரிடம் நான் மிகவும் மதிக்கிற குணம் இதுதான்.

கோவையில் ஒரு சர்ஜன் மறுபடி எடுத்தார். இந்த முறை ஆப்பு மாதிரி, மேல்தோலோடு சேர்த்து அடிச்சதை வரைக்கும். பஞ்சு மாதிரி நசுங்காமல், நூல் கோத்துத் தூக்கி எடுத்திருந்தார். இடுக்கியால் இறுக்கிப் பிடித்தால் செல்கள் பிழிந்துபோய் ஒன்றுமே தெரியாது. துண்டைப் போல இருபது மடங்கு ஃபார்மலின், அகல வாய் பாட்டில். படிவத்தில் எல்லாம் எழுதியிருந்தது: நாக்கு, மேல்புறம், வலது, கெட்டியான வழவழப்பான கட்டி, ஐந்து மாதம், முந்தைய ரிப்போர்ட் புற்று, வெற்றிலைப் பழக்கம் உண்டு. இப்படி ஒரு படிவம் வருவது அபூர்வம். "நாக்கு. பயாப்சி." இரண்டே வார்த்தையோடு வருவதுதான் அதிகம். ஒருமுறை ஒரு வாய்த் திசு மாத்திரை டப்பாவில், குளுக்கோஸ் பாட்டில் தண்ணீரில் வந்தது. எந்த ஊரிலிருந்தோ பஸ்ஸில் பார்சலாக இரண்டு நாள் வந்திருக்கிறது. திறந்ததும் நாற்றம். அந்த மனிதருக்கு மறுபடி ஊசி, மறுபடி கத்தி. யார் பெயரும் இல்லாத அந்தச் சின்னக் கவனக்குறைவுக்கு விலை கொடுத்தது அவர் வாய்.

அத்தையின் துண்டை நானே மெழுகில் வைத்தேன். சூடான இடுக்கியால் நிமிர்த்தி, மேல்தோல் ஒரு பக்கம், அடிச்சதை எதிர்ப் பக்கம் வருகிறபடி நிறுத்தி, மெழுகு இறுகும்வரை பிடித்துக்கொண்டேன். சில நொடிகள்தான். பதினான்கு வருடத்தில் அவ்வளவு நீளமான நொடிகளை நான் பார்த்ததில்லை.

வழக்கமான சாயத்தில் படம் தெளிவாக வந்தது. மேலே தடித்த தோல், விழுதுகள் எல்லாம் தாய்க் கிளையோடு சேர்ந்தே இருந்தன. கீழே தசை நார்களுக்கு நடுவே அந்த இளஞ்சிவப்புப் பொடிச் செல்கள் கூட்டம் கூட்டமாக. அப்புறம் பாஸ் (PAS) என்கிற சிறப்புச் சாயம் போட்டோம், பொடி மெஜந்தா நிறத்தில் எழுந்து நின்றது. கடைசியாக "இம்யூனோ", அதில் எஸ்-100 என்கிற புரதத்தைத் தேடுவது. அது வெளியே அனுப்பி வர மூன்று நாள் ஆகும்.

அந்த மூன்று நாளும் என் மேசை வழியாகப் போன நாக்குகளை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாக்கில் மிக அதிகமாக வருவது உரசலால் வரும் ஃபைப்ரோமா. பல் கடித்துக் கடித்துத் தழும்பு திரண்டு முண்டாவது. அது ஒன்றும் அபூர்வமில்லை. நல்ல கட்டிதான், ஆனால் அபூர்வம் என்றால் ஷ்வானோமா. அதுவும் நரம்புறைச் செல்தான், ஆனால் அது தனக்கென்று ஒரு பை கட்டிக்கொண்டு உருண்டையாக இருக்கும், விதை போல நழுவி வந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் உட்கருக்கள் வரிசை பிடித்து நிற்கும், இரண்டு வரிசைக்கு நடுவில் வெறும் இடம். வயலில் கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி. 1910-ல் வெரோகே என்பவர் விவரித்ததால் அந்த அடுக்குக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. பதினான்கு வருடத்தில் நாக்கிலிருந்து வந்த ஷ்வானோமா நான் கையால் வெட்டியது இரண்டு.

லிப்போமா என்கிற கொழுப்புக் கட்டி முதுகிலும் கையிலும் எவ்வளவோ பேருக்கு இருக்கிறது, நாக்கில் குறைவு. அது வந்தால் பாட்டிலைத் திறக்காமலே தெரிந்துவிடும், ஃபார்மலினில் மிதக்கும். மற்ற சதை எல்லாம் அடியில் போய்க் கிடக்கும்.

இன்னொன்று பெரும்பாலும் நாக்கின் முன்பக்க மேல்புறத்திலேயே குடியிருக்கிற ஒரு கட்டி. எக்டோமெசென்கைமல் கான்ட்ரோமிக்சாய்டு டியூமர் என்று நீண்ட பெயர். 1995-ல்தான் அதற்குத் தனிப் பெயரே கிடைத்தது. அதற்கு முன்னால் அதைப் பார்த்தவர்கள் வேறு வேறு பெயர் எழுதியிருப்பார்கள். கொழகொழப்பான, குருத்தெலும்பு மாதிரியான சதை. மூளையின் துணைச் செல்களில் காணப்படுகிற ஒரு புரதம் இதில் சாயம் ஏற்கும். நாக்கில் ஏன் மூளைப் புரதம் என்று மேடத்திடம் கேட்டேன். கருவில் முகமும் நாக்கும் உருவாகும்போது மூளையும் நரம்பும் உருவாகிற இடத்தை ஒட்டிய நரம்பு முகட்டிலிருந்து செல்கள் கிளம்பி வந்து கலந்துகொள்வதைப் படம் போட்டுக் காட்டினார். மதியச் சாப்பாடு ஆறிப்போனது, இருவருக்கும் அது நினைவில்லை.

பயாப்சியே எடுக்கக் கூடாத கட்டிகளும் உண்டு, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நீலமோ ஊதாவோ கலந்து, அழுத்தினால் வெளுத்து, விட்டால் மறுபடி நிறைகிற கட்டி ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். கிளினிக்கில் உட்காரவைத்து அதில் கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்துவது கஷ்டம். கண்ணாடித் தகட்டை மெல்ல அழுத்திப் பார்ப்பதே அதற்கு முதல் சோதனை, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ.

அடுத்தது நாக்கின் வேர்ப் பகுதியில், நட்டநடுவில் வரும் கட்டி. கருவில் தைராய்டு சுரப்பி அங்கேதான் முளைவிட்டு, பிறகு கழுத்துக்கு இறங்கிப் போகிறது. சிலருக்கு அது இறங்காமல் அங்கேயே நின்றுவிடும். பெண்களுக்குத்தான் அதிகம், பூப்பெய்தும் வயதிலோ கர்ப்பத்திலோ பெருத்துக் கண்ணில் படும். அப்படி நின்றுபோனவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு உடம்பில் இருக்கிற ஒரே தைராய்டு அதுதான். கட்டி என்று வெட்டி எறிந்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரைதான். அதனால் அந்த இடத்தில் கை வைப்பதற்கு முன்னால் கழுத்தில் தைராய்டு இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டும், டெக்னீசியம் என்கிற கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் ஸ்கேனும் பார்ப்பார்கள்.

கட்டியே இல்லாத கட்டிகளும் உண்டு. போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் நாக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னால் வரிசையாக உருண்டை உருண்டையாக இருக்கிறதே என்று பயந்து வருகிறவர்கள் ஏராளம். அவை சுவை மொட்டுகள் தங்கியிருக்கும் மேடுகள், 8 முதல் 12 வரை, வி வடிவில், எல்லோருக்கும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

நான்காம் நாள் காலை எஸ்-100 ஸ்லைடு வந்தது. 1965-ல் மூர் என்பவர் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்த புரதம் அது. அமோனியம் சல்பேட் நூற்றுக்கு நூறு நிறைந்த கரைசலிலும் கரைந்து நின்றதால் அந்தப் பெயர். அது இருக்கிற இடம் காபித்தூள் பழுப்பில் தெரியும். மேடம் முதலில் கட்டியைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சதையில் ஓடிய ஒரு நல்ல நரம்பிழையைத் தேடினார். அது பழுப்பாகியிருந்தால்தான் சாயம் சரியாக வேலை செய்திருக்கிறது என்று நம்பலாம். பழுப்பாகியிருந்தது. அப்புறம் ஸ்லைடை நகர்த்தினார். கட்டி முழுவதும் ஒரே பழுப்பு. மேலே இருந்த தோல் விழுதுகளில் துளி நிறமில்லை. விழுதுகளின் ஒவ்வொரு நுனியையும் பெரிய லென்ஸில் பார்த்தார், உட்கருக்களில் கோணல் இருக்கிறதா, தாறுமாறான செல் பிரிவு இருக்கிறதா என்று. இல்லை.

"கிரானுலார் செல் டியூமர். புற்று இல்லைங்க. மாமாக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க. ரிப்போர்ட் பொழுதோட வந்துரும்."

நான் மாடிப்படிக்குப் போய் நின்று போன் செய்தேன். மாமா எதுவும் பேசவில்லை. போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார்.

"அப்ப நாக்கை அறுக்கறதில்லீங்களா சாமி?"

"கட்டியை மட்டும் எடுப்பாங்க அத்தை. சுத்தியும் கொஞ்சம் நல்ல சதையோட. பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது."

சுற்றிலும் நல்ல சதை ஏன் என்றால், இந்தக் கட்டிக்குப் பை கிடையாது. தசை நார்களுக்கு நடுவில் விரல் விட்டிருக்கும். மிச்சம் விட்டால் திரும்ப வரலாம். மாசியில் எடுத்தார்கள். வந்த துண்டின் ஓரங்களுக்கு மை தடவி வெட்டினோம், மை பட்ட எந்த ஓரத்திலும் கட்டி தொடவில்லை. சிலருக்கு உடம்பில் வேறு இடங்களிலும் இதே கட்டி இருக்கும் என்பதால் தோலையும் மார்பையும் ஒருமுறை முழுதாகப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பத்து நாள் அத்தை தயிர்சாதமும் ஆறவைத்த கஞ்சியும்தான். பதினோராம் நாள் அரிசிம்பருப்பு சாதம் கேட்டதாக மாமா சொன்னார்.

வெற்றிலைச் சங்கதியை நானும் சர்ஜனும் மாற்றி மாற்றிச் சொன்னோம். இந்தக் கட்டி பாக்கினால் வந்தது என்று சொல்ல முடியாது, உண்மை. ஆனால் இப்படி ஒரு பயத்தைப் பார்த்துவிட்ட வாயில் மறுபடி பாக்கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அத்தை பெட்டியை அப்படியே எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். கல்யாண வீடுகளில் தட்டு நீட்டினால் வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறார், வாயில் போடுவதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்ஜன் விரலால் நாக்கைத் தொட்டுப் பார்க்கிறார். அப்படி வந்த ஒரு நாள் அத்தை லேபுக்கும் வந்தார். எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று காட்டச் சொன்னார். மேடம் தன் நாற்காலியை விட்டு எழுந்து அத்தையை உட்காரவைத்து, மைக்ரோஸ்கோப்பின் உயரத்தைச் சரிசெய்து கொடுத்தார். அத்தை வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"பொடி தூவுனாப்புல இருக்குதே, இதுதானுங்களா?"

"அதுதானுங்க."

"இது மேல இருக்கறது?"

"அது உங்க நாக்குத் தோல். அதைப் பாத்துத்தான் பயந்துபோட்டாங்க."

மறுநாள் காலை வந்த பெட்டியில் ஏழு பாட்டில்கள். நான்காவதில் அரிசி அளவு ஒரு துண்டு, கூடவே மடித்த படிவம். "நாக்கு. பயாப்சி." வயது 39, பெண். வேறு எதுவும் இல்லை. மூடியைத் திறக்காமல் படிவத்தில் இருந்த கிளினிக் எண்ணுக்குப் போன் செய்தேன். நர்ஸ் எடுத்தார்.

"நேத்து அனுப்புன நாக்கு பயாப்சிங்க. எந்த இடம்? மேல்புறமா, ஓரமா? புண்ணா, கட்டியா? எத்தனை நாளா இருக்குதாம்?"

"இருங்கக்கா, டாக்டரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனைக் கீழே வைத்தார். வரட்டும் என்று, கேசட்டை ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.